பழைய பற்றறியின் கணக்கைத் தீர்ப்பது யார்?

மருதானைப் புகையிரத நிலையத்தில் இறங்கிப் பஞ்சிகாவத்தைப் பக்கமாக நடந்து செல்வோர் ஓர் உண்மையைக் கண்டிருப்பர். அங்கே மோட்டார் வண்டியின் எந்த உறுப்பும் சாவதில்லை. கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கை, கியர்ப் பெட்டி என ஒரு வண்டியிலிருந்து கழன்றது இன்னொரு வண்டிக்குப் போய்ச் சேருகின்றது. கடைக்குக் கடை தொங்கும் அந்த உதிரிப்பாகங்களைப் பார்த்து மூக்கைச் சுளிப்போர் உளர். நாம் அவர்களுள் ஒருவரல்லோம். ஒன்றையும் வீணாக்காத அந்த உழைப்பாளிகளின் திறமையால் எத்தனையோ ஏழைகளின் வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால், அந்தக் கடைத்தெருவின் வழியாகக் கைமாறும் பொருள்களுள் ஒன்றைப்பற்றி மட்டும் நாட்டு மக்கள் கேள்வி கேட்டேயாகவேண்டும். அதுதான் பழைய மோட்டார் பற்றறி.

சில காலத்துக்கு முன் எமது பழைய வண்டி புதுக்கடை நீதிமன்ற வாசலிலேயே நின்றுவிட்டது. பற்றறி முடிந்துவிட்டது என்றார் வந்து பார்த்த தொழிலாளி. புதியதைப் பூட்டினார், பழையதைத் தூக்கித் தம் ஓட்டோவில் வைத்தார், அதற்கென ஒரு தொகையைப் பில்லிலே கழித்தும் கொடுத்தார். “இது இனி எங்கே போகும்?” என்று கேட்டோம். “யார் கூட விலை தருகிறாரோ அவரிடம் போகும், ஐயா” என்றார். அதைவிட நேர்மையான சாட்சியத்தைப் புதுக்கடையில் நாம் கேட்டது அரிது. அந்த ஒரு வாக்கியத்திலே இந்தப் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

பழைய கடதாசியைப் போலவோ பிளாஸ்டிக் பையைப் போலவோ பழைய பற்றறி தெருவிலே கிடப்பதில்லை. அதற்கு விலை உண்டு. வெள்ளவத்தை ஒழுங்கையிலே வைத்தாலும் கொட்டாஞ்சேனைச் சந்தியிலே வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது எடுத்துச் சென்றுவிடுவர். ஆகவே, “பழைய பற்றறிகளைச் சேகரிக்க ஏற்பாடு செய்கிறோம்” என்று கம்பனிகள் விளம்பரம் செய்வதைப் படிக்கும்போது எமக்குச் சிரிப்பு வருகின்றது. சேகரிப்பு இந்நாட்டில் ஏற்கெனவே நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. சேகரித்தது எந்த உலைக்குப் போகிறது என்பதே எமது கேள்வி.

அந்தப் பெட்டிக்குள் இருப்பதென்ன? சாதாரண மோட்டார் பற்றறியொன்று 12 முதல் 15 கிலோ வரை நிறையுடையது. அந்நிறையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய நூற்றுக்கு 60 வீதம், ஈயமும் ஈயச் சேர்வைகளுமாகும். மீதியில் பெரும்பகுதி கந்தக அமிலம். உலகம் இன்று பயன்படுத்தும் ஈயத்தில் நூற்றுக்கு 80 வீதத்துக்கும் மேற்பட்டது பற்றறிகளுக்கே செல்கின்றது. இவ்வுலோகத்தை எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் கெடாது. பழைய பற்றறியிலிருந்து புதிய பற்றறி செய்யலாம். முறையான தொழிற்சாலையிலே நடந்தால் இதைவிடச் சிறந்த மீள்சுழற்சி வேறில்லை என்றே கூறலாம்.

முறையற்ற இடத்திலே நடப்பது வேறு. கோடரியால் பெட்டியைப் பிளப்பர். அமிலத்தைக் கானிலோ நிலத்திலோ ஊற்றுவர். ஈயத்தகடுகளை இரும்புப் பீப்பாயிலோ பழைய தாச்சியிலோ போட்டுக் கரி மூட்டி உருக்குவர். ஈயம் 327 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். அதற்குப் பெரிய உலை வேண்டியதில்லை, வீட்டுக் கொல்லையே போதும். இதனாலேதான் இந்த வேலை கொல்லைப்புறங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. உருக்குபவன் வீட்டுப் பிள்ளையும் அயல் வீட்டுப் பிள்ளையும் அந்தப் புகையைச் சுவாசிக்கின்றனர். அந்தத் தூசி படிந்த மண்ணிலே விளையாடிவிட்டு அதே கையால் சோறு உண்கின்றனர்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. உட்கொள்ளும் ஈயத்தில் பெரியவர்களின் உடல் ஏற்றுக்கொள்வதைப்போல் நான்கைந்து மடங்கு பங்கைக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கின்றது. சுண்ணாம்புச் சத்தென்று ஏமாந்து எலும்பிலே அதைச் சேமித்தும் வைக்கின்றது. காய்ச்சல் இல்லை, புண் இல்லை. பிள்ளை பாடத்திலே பின்தங்குகிறான், எரிந்து விழுகிறான், கவனம் சிதறுகிறான். ஆசிரியர் மக்கு என்கிறார். தகப்பனார் பிரம்பை எடுக்கிறார். இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. 2020 ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியமும் இன்னோர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவர், அதாவது 80 கோடி வரையிலானோர், கவலைக்குரிய அளவு ஈயத்தை இரத்தத்திலே சுமப்பதாகக் கணக்கிட்டது. அதற்குப் பெருங்காரணங்களுள் ஒன்றாக அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது எதை? முறையற்ற பற்றறி உருக்குதலைத்தான்.

ஆபிரிக்காவின் செனகல் நாட்டிலே, தலைநகரான டாக்காரின் புறத்தே தியாரோய் என்ற ஊர் உண்டு. பழைய பற்றறிகளைப் பிளந்த ஊர் அது. ஈயத்தின் விலை உயரவே, மண்ணிலே புதைந்திருந்த ஈயத்துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு அள்ளி வந்து சலித்தெடுத்தனர். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச் வரையான சில மாதங்களில் அங்கே 18 குழந்தைகள் மாண்டனர். அந்தத் தாய்மார் தம் குழந்தைகளுக்கு உணவு தேடிய கைகளாலேயே நஞ்சையும் கொண்டுவந்தனர் என்பதை எண்ணும்போது எழுதுகோல் நடுங்குகின்றது. அவர்களைக் குற்றவாளிகள் என்று கூற எவருக்கு மனம் வரும்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சைக்கிளிலும் ஓட்டோவிலும் வீடு வீடாக வந்து பழைய இரும்பும் போத்தலும் பற்றறியும் வாங்கும் ஏழை வியாபாரிக்கு எதிராக நாம் எழுதவில்லை. அவரைப் பிடித்துச் சிறையிலிட்டால் பிரச்சினை தீரும் என்று நம்புவோர் இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிடலாம்.

“சட்டம் இருக்கிறதே!” என்று ஆளுவோர் கூறுவர். இருக்கிறது, மறுக்கவில்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2008 பெப்ரவரியில் வர்த்தமானியிலே வெளியான ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. அபாயகரமானவையென அட்டவணைப்படுத்திய கழிவுகளைச் சேகரிப்பதற்கும், கொண்டுசெல்வதற்கும், களஞ்சியப்படுத்துவதற்கும், மீள்சுழற்சி செய்வதற்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1992 இல் இந்நாடு பாசல் உடன்படிக்கையில் சேர்ந்தது. அதனால் பழைய பற்றறியைப் பிறநாட்டுக்கு அனுப்புவதற்கும் கட்டுப்பாடு உண்டு. அரசியலமைப்பின் 27(14) ஆம் உறுப்புரையும் சுற்றாடலைக் காப்பது அரசின் கடமை என்று அழகாகக் கூறுகின்றது. அந்தக் கடமையை நீதிமன்றத்திலே கேட்டு வாங்க முடியாது என்று இரண்டு உறுப்புரைகள் தள்ளி, 29 ஆம் உறுப்புரை அதைவிட அழகாகக் கூறுகின்றது!

அனுமதிப்பத்திரம் என்ற காகிதம் அனுமதி பெற்றவனையே கட்டுப்படுத்தும். இதுவே இந்தச் சட்டத்தின் பெருங்குறை. அனுமதி பெற்ற உலைக்காரன் புகை வடிகட்டி பொருத்தவேண்டும், அமிலத்தைச் சுத்திகரிக்கவேண்டும், தொழிலாளியின் இரத்தத்தைச் சோதிக்கவேண்டும், வரி கட்டவேண்டும். கொல்லைப்புறத்து உலைக்காரனுக்குக் கரிச்செலவைத் தவிர வேறு செலவில்லை. ஆகவே, பழைய பற்றறிக்கு அவனால் கூட விலை கொடுக்க முடிகிறது. கூட விலை கொடுப்பவனிடம் பற்றறி போகிறது. புதுக்கடை வாசலிலே எமக்குச் சாட்சி சொன்னவர் கூறியதும் இதுவே. நேர்மையான உலை பட்டினி கிடக்க, கள்ள உலை கொழுக்கின்றது. சட்டத்துக்குப் பணிந்தவனுக்குத் தண்டனையும் பணியாதவனுக்குப் பரிசும் வழங்கும் சந்தை இது. இதைச் சீர்ப்படுத்தாமல் இன்னும் நூறு ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் அச்சிட்டாலும் அச்சகத்தாருக்கே இலாபம்.

அயல்நாடு இதற்குச் சான்று. இந்திய அரசாங்கம் 2001 இல் பற்றறி விதிகளை இயற்றியது. விற்பவர்கள் முதலாம் ஆண்டிலே நூற்றுக்கு 50 வீதமும், இரண்டாம் ஆண்டிலே 75 வீதமும், மூன்றாம் ஆண்டு முதல் 90 வீதமும் பழையதைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று இலக்கு வகுத்தது. கேட்பதற்கு இனிமையான இலக்கு. ஆனால், கள்ள உலையின் கூட விலையை ஈடுசெய்யப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு விதியிலே விடை இல்லை. கடைக்காரன் படிவத்தை நிரப்பினான். பற்றறி தன் வழியே போயிற்று. 2022 ஓகஸ்டிலே அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் பிறந்தன. உற்பத்தியாளரும் இறக்குமதியாளருமே பொறுப்பு என்று அவை கூறுகின்றன. இருபத்தொரு ஆண்டுகள் கழித்துக் கற்ற பாடத்தை நாமும் இருபத்தொரு ஆண்டுகள் காத்திருந்து கற்கவேண்டியதில்லை.

இத்தாலி 1988 இலேயே ஒரு சட்டத்தின் மூலம் பற்றறித் தொழிலினர் கட்டாயமாகச் சேரவேண்டிய பொதுக்கூட்டு அமைப்பொன்றை நிறுவியது. புதிய பற்றறி ஒவ்வொன்றின் விலையுடனும் ஒரு சிறு தொகையை வசூலித்து, அப்பணத்தைக்கொண்டு பழையவற்றை ஒப்புதல் பெற்ற உலைகளிலே சேர்ப்பித்தது. ஈயத்தின் விலை வீழ்ந்து, எடுப்பார் இன்றிப் பற்றறிகள் தேங்கும் காலத்திலும் அந்த நிதி வேலை செய்யும். ஜேர்மனி 1998 இல் வேறொரு வழியைக் கண்டது: பழையதைக் கொடாமல் புதியதை வாங்குபவர் 15 மார்க் வைப்புப் பணம் கட்டவேண்டும், பழையதைத் திருப்பிக் கொடுத்ததும் பணம் மீளும். இவ்விரண்டையும் இணைத்த ஒரு சட்டத்தையே நாம் கேட்கிறோம்.

இறக்குமதியாளரிடமிருந்து சுங்கத்திலே, உள்நாட்டு உற்பத்தியாளரிடமிருந்து தொழிற்சாலை வாயிலிலே, ஈயத்தின் நிறைக்கேற்ப ஒரு தொகையை அறவிட்டுத் தனி நிதியமொன்றிலே சேர்க்கவேண்டும். வாங்குபவர் கட்டும் வைப்புப் பணம் பில்லிலே தனிவரியாகத் தெரியவேண்டும். அந்த நிதியத்திலிருந்து, பற்றறியைக் கொண்டுவந்து கொடுக்கும் வியாபாரிக்குக் கள்ள உலை கொடுப்பதைவிட ஒரு ரூபாயேனும் கூடக் கொடுக்கவேண்டும். அதிலும் ஒரு நிபந்தனை: அமிலத்தை ஊற்றிவிடாமல் முழுதாகக் கொண்டுவந்தால்தான் முழு விலை. உலர்ந்த நிறைக்கே விலை பேசும் வழக்கம் இருக்கும்வரை அமிலம் கானுக்குத்தான் போகும். போத்தல் வியாபாரிக்கு அனுமதி அட்டையும் கையுறையும் கொடுத்து, இந்தத் திட்டத்தின் முதற்சேவகராக அவரை மதிக்கவேண்டும். ஊரிலுள்ள ஒவ்வொரு வாயிலையும் அவரளவுக்கு அறிந்த உத்தியோகத்தர் எந்தக் கந்தோரிலும் இல்லை.

கம்பனிகள் இதற்கு மறுமொழி வைத்திருக்கின்றன. “பழையதை நாங்கள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுதானே விலை கழிக்கிறோம்” என்கின்றன. மெய்தான். ஆனால், இன்று நடப்பது வழக்கம். நாம் கேட்பது சட்டம். ஈயத்துக்கு விலை உயர்ந்தால் கழிவு உயரும், தாழ்ந்தால் தாழும். எத்தனை பற்றறி விற்றார்கள், எத்தனை திரும்பின, மற்றவை எங்கே என்று அவர்களைக் கேட்கும் உரிமை பொதுமக்களுக்கு இல்லை. விருப்பத்தின் பேரிலே செய்யும் நன்மையை விருப்பத்தின் பேரிலே நிறுத்தவும் முடியும். பெற்றோலில் கலந்த ஈயத்தை எண்ணெய்க் கம்பனிகளின் நல்ல மனத்துக்கு நாம் விட்டுவைக்கவில்லையே! 2002 இல் இந்நாட்டிலே ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது; 2021 இல் அல்ஜீரியாவும் நிறுத்த, உலகிலே வாகனங்களுக்கு அதை விற்பனை செய்யும் நாடே இல்லாது போயிற்று. பெற்றோலிலிருந்து வெளியேற்றிய நஞ்சைப் பற்றறி வழியாகப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது என்ன நியாயம்?

“திட்டம் வேண்டும் என்றால் நாங்களே பணம் போடுகிறோம், நாங்களே நடத்துகிறோம்” என்பது அடுத்த மறுமொழி. இதிலேதான் வாசகர்கள் விழிப்பாயிருக்கவேண்டும். தொழிலினர் பணத்திலே நடக்கும் திட்டம் என்று கூறப்படுவதெல்லாம் உண்மையிலே யாருடைய பணம்? விலையிலே ஏற்றிப் பற்றறி வாங்குபவரிடம் வசூலித்த பணம். கொடுத்தவர் ஒருவர், பயனடைய வேண்டியவர் இன்னொருவர், கையிலே வைத்திருப்பவர் மூன்றாமவர் என்றால் சட்டம் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றது: நம்பிக்கைப் பொறுப்பு. அதற்கென 1917 ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் ஒரு கட்டளைச் சட்டம் உண்டு. கோயில் பணத்தை நம்பிக்கைப் பொறுப்பாளர் தம் கணக்கிலே போட்டால் ஊர் சும்மா இருக்குமா? இந்த நிதியத்தின் சபையிலே கம்பனிப் பிரதிநிதி இருக்கட்டும். ஆனால், மருத்துவரும், தொழிலாளர் பிரதிநிதியும், உள்ளூராட்சிச் சபையினரும் அவரைவிடக் கூடிய தொகையினராக இருக்கவேண்டும். கணக்காய்வாளர் நாயகம் கணக்கைப் பார்க்கவேண்டும்; ஆண்டறிக்கை பாராளுமன்றத்தின் மேசைக்கு வரவேண்டும்.

அரசாங்கத்தின் கஜானாவிலே போடலாகாதா என்று கேட்பீர்கள். ஒரு நோக்கத்துக்கென வசூலித்த பணம் திரட்டு நிதியிலே கலந்தபின் அந்த நோக்கத்துக்குத் திரும்பிய வரலாற்றை நாம் அதிகம் அறியோம். தனி நிதியம் என்று வற்புறுத்துவது அதனாலேயே.

விலை ஏறும், ஓட்டோச் சாரதி என்ன செய்வான் என்று திடீரென ஏழைக்காகக் கண்ணீர் வடிப்போரும் உளர். வைப்புப் பணம் திரும்பி வருவது. நிறைக்கேற்ற அறவீடோ சிறிது. அவன் குழந்தை பள்ளியிலே தோற்பதற்கு இன்று அவன் கட்டிக்கொண்டிருக்கும் விலையை எவரும் பில்லிலே எழுதிக் காட்டுவதில்லை.

இது கொழும்பு நகரத்தார் கவலை என்று விவசாய நண்பர்கள் எண்ணிவிடலாகாது. உங்கள் ட்ரக்டரிலே பற்றறி. உங்கள் லொறியிலே பற்றறி. வன்னியிலும் மட்டக்களப்பிலும் யானை வேலிக்கு மின்சாரம் ஊட்டுவதும் பற்றறி. சூரிய ஒளி விளக்கின் அடியிலும் பற்றறி. அவை முடிந்ததும் எங்கே போகின்றன? வேலியோரத்திலே அமிலத்தை ஊற்றிவிட்டு, தகட்டை உருக்கி வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதை வீட்டுக் கைத்தொழிலாகவே கருதுவோர் உளர். ஈயம் நிலத்திலே ஆழமாக இறங்கிப்போய்விடும் பொருளன்று. மேல்மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கும். எமது வெங்காயமும் கிழங்கும் கீரையும் விளைவது அந்த மேல்மண்ணிலே அன்றோ?

சுன்னாகத்துக் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். அங்கே பாழாக்கியது ஈயமன்று, மின்னிலையத்தின் எண்ணெய். ஆயினும் வழக்கு எமக்கு ஒரு பாடம். 2015 இலே தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மனுவிலே, 2019 ஏப்பிரல் 4 ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் விலையைச் செலுத்தவேண்டும் என்ற தத்துவத்தை எடுத்துக்கூறி, தனியார் மின்னுற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கவேண்டுமெனக் கட்டளையிட்டது. 2000 ஆம் ஆண்டிலே எப்பாவல பொஸ்பேற் வழக்கிலும் விவசாயிகள் பக்கமே நீதி நின்றது. வழக்கறிஞர் என்ற முறையிலே இத்தீர்ப்புகளைப் படித்துப் பெருமிதம் கொண்டோம். ஆனால், கிணறு கெட்டபின் வந்த தீர்ப்பு அது. அங்கே பெரிய புகைபோக்கியும் பெயர்ப்பலகையும் உள்ள ஒரு கம்பனி இருந்தது. வழக்கிட ஆள் கிடைத்தது. இருநூறு கொல்லைகளிலே இரவிலே எரியும் உலைகளுக்கு எதிராக யார் பெயரிலே மனு எழுதுவது? பின்னர் கேட்கும் நட்டஈட்டை முன்னரே வசூலித்து வைப்பதுதான் இந்த நிதியம்.

கென்யாவிலே மொம்பாசா நகரின் ஓவினோ உகூரு என்ற குடியிருப்பு மக்கள், பற்றறி உருக்கிய தொழிற்சாலைக்கும் அதை அனுமதித்த அரச நிறுவனங்களுக்கும் எதிராக வழக்காடினர். 2020 இலே 130 கோடி ஷில்லிங் நட்டஈடு தீர்ப்பாயிற்று. அது மேன்முறையீட்டிலே தள்ளாடி, 2024 டிசம்பரிலேதான் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றத்திலே மீண்டும் நிலைபெற்றது. ஒரு குழந்தை பள்ளிப் பருவத்தையே கடந்துவிடும் காலம்!

வடபுலத்தவருக்கு இன்னொன்று நினைவிருக்கும். 1990 களிலே வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடுக்கப்பட்ட பொருள்களின் பட்டியலிலே பற்றறியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எமது தலைமுறை. அன்று பயணப்பையின் அடியிலே கிடந்த ஒற்றை டோர்ச்சுப் பற்றறியைச் சாவடியிலே தேடிக் கண்டுபிடித்த அரசாங்க இயந்திரத்துக்கு, இன்று 15 கிலோ நிறையுள்ள பற்றறி எங்கே போகின்றது என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம்!

காலமும் கடந்துகொண்டிருக்கின்றது. 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலே மீண்டும் திறந்துவிடப்பட்டது. கப்பலிலே வந்திறங்கும் வண்டி ஒவ்வொன்றும் ஒரு பற்றறியுடன் வருகின்றது. எமது வெப்ப நாட்டிலே அதன் ஆயுள் மூன்று நான்கு ஆண்டுகளே. கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறவீட்டை இன்று தொடங்கினாலே அந்த அலை வரும்போது நிதியத்திலே பணம் இருக்கும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவேண்டியதில்லை. உங்கள் ஊரிலே இத்தகைய உலை எரியுமாயின், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின்கீழ், பொதுத்தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம். முறைப்பாடு எழுதத் தெரியாதவர்களுக்கு ஊரிலுள்ள சட்டத்தரணிகள் கட்டணமின்றி எழுதிக் கொடுப்பார்கள் என நம்புகிறோம். நாமும் எழுதிக் கொடுப்போம். உருக்குபவர் உங்கள் உறவினராயிருந்தால், முதலிலே அவர் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை கூட்டத்துக்கு வரும்போது, மாலை போட்டபின், ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: கடந்த ஆண்டு இந்நாட்டிலே விற்பனையான மோட்டார் பற்றறிகள் எத்தனை, அவற்றுள் அனுமதி பெற்ற உலைக்குத் திரும்பியவை எத்தனை? அவர் கூறும் பதிலை, தேதியுடனும் ஊர்ப்பெயருடனும், எமக்கு எழுதி அனுப்புங்கள். பிரசுரிக்கக் காத்திருக்கிறோம்.